குற்றமில்லாத வீட்டுப் பதக்கம்

முன்னொரு காலத்தில் ஒரு நாடு இருந்தது. பெயரைச் சொன்னால் அந்த ஊர்க்காரர்கள் இன்றைக்கும் சண்டைக்கு வருவார்கள். ஆகவே பெயர் வேண்டாம். அந்த நாட்டை ஆண்ட செழுமாறர் நல்ல அரசர். மனத்தில் தோன்றியதை அந்த நிமிடமே ஆணையாக்கிவிடுவார் என்பதைத் தவிர அவரிடம் சொல்லும்படியாகக் குறை எதுவும் கிடையாது. ஒரு முறை அரண்மனைத் தோட்டத்தில் காகங்கள் அதிகமாகக் கத்துகின்றன என்று, எந்தக் காகம் முதலில் கத்துகிறது என்பதைக் கண்டு சொல்ல ஆள் போட்டார். ஒன்பது நாள் பார்த்தார்கள். பத்தாம் நாள் அரசருக்கு அது மறந்துவிட்டது.

அவருடைய சபையில் ஆபத்சகாயர் என்ற விகடர் இருந்தார். விகடர் என்றதும் குட்டிக்கரணம் போடுகிறவர், முகத்தில் சாயம் பூசிக்கொள்கிறவர் என்று நினைத்துவிடக் கூடாது. வயது அறுபத்திரண்டு. அவர் முதுகு வளைந்து யாரும் பார்த்ததில்லை. சபையே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும்போதும் அவர் முகத்தில் ஒரு சுருக்கம் விழாது. சிரிப்பது கேட்பவர் வேலை, சொல்பவர் வேலை அல்ல என்பது அவர் கட்சி.

நாலு தலைமுறையாக விகடர் பதவி அவர் குடும்பத்தில்தான் இருந்தது. "எங்கள் குடும்பத்தில் குற்றமே கிடையாது" என்று நாளைக்கு ஒரு தடவையாவது சொல்லுவார். யாரும் கேட்காத நாளிலும் சொல்லுவார்.

அந்தக் குடும்பத்தின் பெருமை முழுவதும் ஒரு பதக்கத்தில் இருந்தது. செழுமாறரின் முப்பாட்டனார் முதல் விகடரின் கழுத்தில் தம் கையாலேயே போட்டுவிட்ட பதக்கம். பழைய தங்கம், நடுவில் கொட்டைப் பாக்கு அளவில் ஒரு பச்சைக் கல். அதை அணிந்தவருக்கு அரசரின் வலப்பக்கத்தில் மூன்றாம் ஆசனம். வெளியார் கை அதைத் தொட்டதில்லை. விகடர் காலையில் அதை அணிந்து சபைக்குப் போவார். வீடு திரும்பியதும், விளக்கு வைப்பதற்கு முன்பே, கழற்றிப் பெட்டியில் வைத்துவிடுவார். ஏன் விளக்கு வைப்பதற்கு முன்பு என்று யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால், "அது எங்கள் வீட்டு விஷயம்" என்றிருப்பார்.

நாலாம் ஆசனத்தில் இருந்தவர் கருவூலத் தலைவர் நவநிதியார். அரசருக்குப் பின்னால் ஒருவன் நின்று வீசும் பெரிய விசிறியின் காற்று மூன்றாம் ஆசனம் வரைக்கும்தான் வரும். நாலாம் ஆசனத்துக்கு வராது. நவநிதியார் பிறவியிலேயே கெட்டவர் அல்ல. ஆனால் பதினெட்டு வருஷமாக வியர்த்துக்கொண்டிருந்தார்.

அவரைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவருக்கு முன்னால் கருவூலத்தைப் பார்த்துக்கொண்டவர் ஒரு வெள்ளித் தட்டைப் பேசாமல் வாங்கி வைத்துவிட்டார். பின்னால் அதில் ஒரு நெளிவு தெரிந்தது. வரும்போதே இருந்த நெளிவா, வந்த பிறகு உண்டான நெளிவா என்று அவரால் சொல்ல முடியவில்லை, பதவி போயிற்று. அன்று முதல் கருவூலத்தில் ஒரு முறை வந்தது. எந்தப் பொருளை வாங்கினாலும் வாங்குகிறவர் அதைத் திருப்பிப் பார்த்து, அதில் உள்ள குற்றங்களை எல்லோர் காதிலும் விழும்படி சொல்லி, "பெற்றுக்கொண்டேன்" என்று முடிக்க வேண்டும். சொல்லாமல் விட்ட குற்றம் வாங்கியவர் தலையில்.

நவநிதியார் இந்த முறையைக் கருவூலத்தோடு நிறுத்தவில்லை. அரசர் வெற்றிலை கொடுத்தாலும் புரட்டிப் பார்த்து, "காம்போரம் ஒரு கிழிசல். பெற்றுக்கொண்டேன்" என்று சொன்ன பிறகுதான் வாயில் போடுவார். வீட்டில் மருமகள் சோறு போட்டால், "ஒரு கல் இருக்கிறது. பெற்றுக்கொண்டேன்" என்பார்.

ஐப்பசி மாதத்தில் ஒரு நாள். நண்பகலிலேயே வானம் இருண்டு மழை கொட்டத் தொடங்கியது. எதிரில் இருப்பவர் முகம் தெரியவில்லை என்று சபையில் எழுபது விளக்குகளையும் ஏற்றச் சொன்னார் அரசர். விகடர் அங்கவஸ்திரத்தை இழுத்துப் பதக்கத்தின் மேல் போட்டுக்கொண்டார். சாரலோடு வந்த காற்று அதைத் தூக்கிவிட்டது.

"அரசே!" என்று எழுந்துவிட்டார் நவநிதியார். "விகடரின் மார்பைப் பாருங்கள்! காலையில் பச்சையாக இருந்த கல், இப்போது சிவப்பு!"

எல்லோரும் பார்த்தார்கள். மாதுளை முத்துப் போலச் சிவந்திருந்தது கல்.

"விகடரே, இது என்ன?" என்றார் அரசர்.

"கல், அரசே."

"நிறம் மாறியிருக்கிறதே?"

"பகலில் பச்சை, விளக்கில் சிவப்பு. அதன் வழக்கம் அது."

"இத்தனை காலமாக ஏன் சொல்லவில்லை?"

"அது தன் வேலையை ஒழுங்காகச் செய்துகொண்டிருக்கிறது. முறையிட ஒன்றுமில்லையே, அரசே."

"நல்ல கல் நிறம் மாறாது, அரசே," என்றார் நவநிதியார். "நிறம் மாறினால் அது சாயம் போட்ட கண்ணாடி."

விகடர் அவர் பக்கம் திரும்பினார். "கருவூலத் தலைவர் அரசரிடம் பேசும்போது ஒரு நிறம், வாசலில் காத்திருக்கும் குடியானவனிடம் பேசும்போது ஒரு நிறம். நாங்கள் யாரும் உங்களைக் கண்ணாடி என்று சொன்னதில்லையே."

சபை சிரித்தது. அரசரும் சிரித்தார். ஆனால் ஒரு விஷயம் மனத்தில் நுழைந்துவிட்டால் அவர் லேசில் விடமாட்டார். "நிறம் கிடக்கட்டும். ஒரு கல் பூமியில் விளைந்ததா, உலையில் செய்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது?"

நவநிதியார் இதற்காகத்தான் காத்திருந்தார். "மிகவும் எளிது, அரசே. பூமியில் விளைந்த எதிலும் குற்றம் இருக்கும். உள்ளே கீற்று இருக்கும், ஊசி முனை மாதிரி புள்ளி இருக்கும், முடிச்சு இருக்கும். உலையில் ஊற்றிய கண்ணாடிதான் குற்றமில்லாமல் தெளிந்த தண்ணீர் மாதிரி இருக்கும். மிஞ்சிப்போனால் உருண்டையாக ஒரு காற்றுக் குமிழி இருக்கும்." இடுப்பில் தொங்கிய, பொருளைப் பெரிதாக்கிக் காட்டும் பளிங்கு வில்லையைக் கையில் எடுத்தார். "விகடர் கழற்றிக் கொடுத்தால் இப்போதே பார்த்துச் சொல்லிவிடுவேன்."

அந்த இடத்தில் விகடர் வாயை மூடிக்கொண்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் குடும்பக் கல்லை நோக்கி இன்னொருவர் கை நீண்டுவிட்டது. அவருடைய முதுகு, ஏற்கெனவே நேராக இருந்தது, இன்னும் நேரானது.

"எங்கள் வீட்டுக் கல்லில் குற்றம் தேட இன்னும் ஒருவர் பிறக்கவில்லை. எங்கள் குடும்பத்தில் குற்றமே கிடையாது. கல்லிலும் கிடையாது."

நவநிதியார் மெதுவாக வில்லையை இடுப்பில் செருகிக்கொண்டார். இனி அது தேவைப்படவில்லை.

"கேட்டீர்களா, அரசே? குற்றமே கிடையாதாம். அப்படியானால் அது கண்ணாடி. தங்கள் முப்பாட்டனார் கண்ணாடியையா பரிசளித்தார்?"

"ஒருகாலும் இல்லை!" என்றார் அரசர்.

"பின்னே, அவர் கொடுத்த கல் எங்கே போயிற்று? இந்தக் குடும்பத்தில் யார் அதைக் கழற்றி விற்றது?"

பதில் சொல்ல வேண்டிய விகடர் பதக்கத்தைக் கையால் மூடிக்கொண்டார். முப்பது வருஷச் சபை வாழ்வில் அதுவே முதல் தடவை.

நவநிதியார் நிறுத்தவில்லை. "இப்போது விகடர் பேச்சை மாற்றி, கல்லில் குற்றம் உண்டு என்றும் சொல்லலாம். அப்போது தங்கள் முப்பாட்டனார் குற்றமுள்ள கல்லைக் கொடுத்தவர் ஆகிவிடுவார்."

அரசரின் முகம் அந்தக் கல்லை விடச் சிவந்தது. "என் முப்பாட்டனார் கொடுத்த கல்லில் குற்றம் இருக்கிறது என்று எந்த வாய் சொல்கிறதோ, அந்த வாய் ஆறு மாதத்துக்கு இந்தச் சபையில் திறக்கக் கூடாது! விகடரே, நாளை சபை கலைவதற்குள் அது விளைந்த கல் என்று நிரூபிக்க வேண்டும். உரசக் கூடாது, உடைக்கக் கூடாது. முடியாவிட்டால் பதக்கம் கருவூலத்துக்கு. ஆசனம் நவநிதியாருக்கு. உம் குடும்பத்துக்கு இனிமேல் கல் திருடிய குடும்பம் என்று பெயர்."

"உத்தரவு, அரசே," என்றார் விகடர்.

குற்றம் இருந்தால்தான் அது அசல் கல். குற்றம் இருக்கிறது என்று சொல்லக் கூடாது. அரசருக்கு இது புரியவில்லை. நவநிதியாருக்கு நன்றாகவே புரிந்திருந்தது.

விகடர் வீடு வந்து சேர்ந்தபோது விளக்கு வைத்தாகிவிட்டது. அவர் மனைவி தையல்நாயகி நடையில் நின்றாள்.

"மழையில நனைஞ்சுட்டு வந்து இப்படித் தூண் மாதிரி நின்னா என்ன அர்த்தம்? தலையத் துவட்டுங்க."

"நம் கல் குற்றமில்லாத கல்," என்றார் விகடர்.

"யாரு சொன்னா?"

"நான்தான். சபையில்."

தையல்நாயகி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். "போச்சு. வேற என்னல்லாம் சொல்லிட்டு வந்தீங்க?"

அவர் எல்லாவற்றையும் சொன்னார். கேட்டு முடித்துவிட்டு அவள், "அதுல மூணு இருக்கு," என்றாள்.

"என்ன மூன்று?"

"குத்தம்தான். ஓரத்துல கோரைப்புல்லு மாதிரி ஒரு கீத்து. நடுவுல ஊசி முனை. அடியில ஒரு முடிச்சு. வாராவாரம் தொடைக்கிறவ நான். ஒரு சொட்டுத் தண்ணி விட்டுப் பாருங்க, பெரிசாத் தெரியும்."

"இருக்காது."

"நாப்பது வருஷமா இருக்கு."

"என்னிடம் ஏன் சொல்லவில்லை?"

"எங்க சொல்ல விட்டீங்க? எங்க குடும்பத்துல குத்தமே கிடையாதுன்னு நீங்க ஆரம்பிக்கிறப்பல்லாம், 'இருக்கு, மூணு இருக்கு'ன்னு மனசுக்குள்ள சொல்லிக்குவேன். அதுலயே எனக்குப் பொழுது நல்லாப் போயிடுச்சு."

விகடர் பதக்கத்தை விளக்கருகில் வைத்து, கல்லின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுக் குனிந்து பார்த்தார். சிவப்புக்குள்ளே புல் ஒன்று சாய்ந்து கிடந்தது. அதற்கப்பால் ஒரு ஊசி முனை. அடியில், இருட்டாக, ஒரு முடிச்சு. குமிழி ஒன்றுகூட இல்லை. நெடுநேரம் பார்த்தார். யாரும் எதையும் விற்கவில்லை. அப்பா விற்கவில்லை, தாத்தா விற்கவில்லை. நாலு தலைமுறையும் சுத்தம். அவர் தினம் ஒரு தடவை சொல்லிவந்த பேச்சு மட்டும் பொய்.

"முகத்த ஏன் இப்படி வெச்சிருக்கீங்க? குத்தம் இருக்குன்னா அசல் கல்லுன்னுதானே ஆகுது?"

"அசல்தான். அதைச் சொல்லத்தான் வாய் இல்லை. சொல்லுகிற வாய்க்கு ஆறு மாதம்."

"நான் வந்து சொல்றேன். ஆறு மாசம் நான் வாயத் தொறக்கலன்னா ஒங்களுக்கு நிம்மதிதானே?"

விகடர் இதை யோசித்துப் பார்த்தார். "ஆணை சபைக்கு மட்டும்தான், தையல். வீட்டில் செல்லாது. எனக்கு ஒரு லாபமும் இல்லை."

"ஆசையப் பாரு," என்று சொல்லிக்கொண்டே அவள் வெற்றிலையை நீட்டினாள். அவர் எங்கோ நினைவாக அதை விளக்குக்கு நேரே பிடித்துப் புரட்டினார்.

"என்ன, நவநிதியார் மாதிரி புரட்டிப் பாக்குறீங்க? கிழிசல் இருந்தா சொல்லிட்டு வாங்கிக்குங்க."

புரட்டிய கை அப்படியே நின்றது.

"தையல்," என்றார் விகடர், "நம்மிடம் நல்ல பட்டுத் துணி ஒன்று இருக்கிறதா? தட்டில் விரிக்க."

மறுநாள் நல்ல வெயில். சபை நிறைந்திருந்தது. நவநிதியார் புதுச் சரிகை வேட்டியில் வந்திருந்தார். மூன்றாம் ஆசனத்தின் மெத்தையை ஒரு தடவை அமுக்கியும் பார்த்துக்கொண்டார். விகடர் வெறும் கழுத்தோடு உள்ளே வந்தார். கையில் தட்டு. தட்டில் பட்டு. பட்டின் மேல் பதக்கம், வெயிலில் பச்சையாக.

"நிரூபித்தீரா?" என்றார் அரசர்.

"இல்லை, அரசே. நல்லபடியாகச் சொன்னால் கண்ணாடி என்கிறார்கள். வேறுபடியாகச் சொன்னால் வாய் போகிறது. மூன்றாவது வகையாகப் பேசும் வித்தை எங்கள் குடும்பத்தில் யாருக்கும் தெரியாது. தோற்றேன். பதக்கத்தை ஒப்படைக்க வந்திருக்கிறேன்."

சபையில் சலசலப்பு எழுந்தது. அரசருக்கே கொஞ்சம் ஏமாற்றம்தான். ஏதாவது வேடிக்கை நடக்கும் என்று காலை உணவைக்கூடச் சீக்கிரம் முடித்துவிட்டு வந்திருந்தார்.

"ஒரே ஒரு வேண்டுகோள்," என்றார் விகடர். "ஒப்படைப்பு முறைப்படி நடக்க வேண்டும். கருவூலத் தலைவர் தம் கையாலேயே வாங்கிக்கொள்ள வேண்டும். இது அரசரின் முப்பாட்டனார் கை பட்ட பொருள். நாளைக்கே எவராவது எடுத்துப் பார்த்து ஏதாவது சொன்னால், அது என் தலையில் விழக் கூடாது."

"யார் தலையில் விழும்?" என்று கேட்டார் அரசர்.

"வாங்கியவர் தலையில், அரசே. அதுதானே கருவூலத்தின் முறை."

நவநிதியார் முகத்தில் ஒரு கணம் பழைய வெள்ளித் தட்டின் நிழல் விழுந்தது. அவர் இறங்கி வந்து பதக்கத்தைக் கையில் எடுத்தார். பதினெட்டு வருஷமாக இரண்டு முழம் தள்ளி உட்கார்ந்து பார்த்த பொருள், உள்ளங்கையில் கனத்தது. மறு கை தானாகவே இடுப்பிலிருந்து வில்லையை எடுத்தது. சாளரத்து வெயிலுக்கு நேரே பதக்கத்தைப் பிடித்துத் திருப்பினார், மறுபடியும் திருப்பினார்.

விகடர் அசையாமல் நின்றார். அவர் பார்த்துக்கொண்டிருந்தது கல்லை அல்ல, நவநிதியாரின் உதடுகளை. இந்த மனிதர் ஒரே ஒரு தடவை, வாழ்க்கையில் ஒரே தடவை, வாயை மூடிக்கொண்டு வாங்கிவிட்டால் எல்லாம் முடிந்தது. உதடுகள் ஒட்டியே இருந்தன. வில்லை இன்னும் கொஞ்சம் கிட்டே போயிற்று.

"தங்கம் பழையது," என்று தொடங்கினார் நவநிதியார், எல்லோர் காதிலும் விழும் கருவூலக் குரலில். "கொக்கியில் தேய்மானம். கல் ஒன்று. இடது ஓரத்தில் கீற்று ஒன்று. நடுவில் ஊசி ஒன்று. அடியில் முடிச்சு ஒன்று. ஆகக் கல்லில் குற்றம் மூன்று. பெற்றுக்கொண்டேன்."

விசிறி வீசுகிறவன் கை நின்றுவிட்டது. தாம் சொன்னது தம் காதில் விழுந்து, உள்ளே இறங்கி, அர்த்தமாக நவநிதியாருக்குச் சற்று நேரமாயிற்று. அர்த்தமானதும் கழுத்திலிருந்து வியர்வை வழிந்தது.

"நவநிதியாரே," என்றார் அரசர் மெதுவாக, "என்ன சொன்னீர்?"

நவநிதியார் வாயைத் திறந்தார்.

"வேண்டாம், அரசே," என்றார் விகடர். "அந்த வாய் ஆறு மாதம் திறக்கக் கூடாது என்று நேற்றுத்தான் ஆணை போட்டிருக்கிறீர்கள். கேள்வி கேட்டு அவரை ஆணை மீற வைக்கலாமா?"

நவநிதியார் வாயை மூடினார்.

"நேற்று கருவூலத் தலைவர் சொன்னது ஒன்று," என்று தொடர்ந்தார் விகடர். "பூமியில் விளைந்த கல்லில் அது இருக்கும் என்றார். இன்று சொன்னது ஒன்று. இந்தக் கல்லில் அது மூன்று இருக்கிறது என்றார். இரண்டையும் சேர்த்தால் நிரூபணம். நான் ஒரு வார்த்தையும் சேர்க்கவில்லை."

"எது மூன்று இருக்கிறது?" என்றார் அரசர்.

"அது, அரசே."

"அது என்றால் எது?"

"பெயர் சொல்ல எனக்கு ஆறு மாதம் ஓய்வு தேவைப்படும், அரசே."

அரசரின் உதட்டோரம் துடித்தது. ஆனால் அவர் இன்னும் விடவில்லை. "அப்படிப்பட்ட கல்லையா என் முப்பாட்டனார் கொடுத்தார்?"

"பூமி விளைத்ததை விளைத்தபடியே கொடுத்தார், அரசே. கண்ணாடி கொடுக்கிற அரசர்கள் வேறு நாடுகளில் இருக்கிறார்கள். நாங்களும், கருவூலத் தலைவர் சொன்ன அந்த மூன்றையும் வெளியே ஒருவருக்கும் தெரியாமல் நாலு தலைமுறையாக நெஞ்சிலேயே வைத்துக் காப்பாற்றினோம்." பதக்கம் தொங்கும் இடத்தை விரலால் காட்டினார்.

அரசருக்கு அடக்க முடியவில்லை. சிரித்துக்கொண்டே கேட்டார்: "நேற்று உங்கள் குடும்பத்தில் அது கிடையவே கிடையாது என்றீரே?"

இந்தக் கேள்விக்கு விகடர் நேற்று இரவு முழுக்கத் தேடியும் சாமர்த்தியமான பதில் கிடைக்கவில்லை.

"சொன்னேன், அரசே. மூன்று இருக்கிறது. என் மனைவிக்கு நாற்பது வருஷமாகத் தெரியும்." அப்போது அவர் முதுகு ஒரு விரற்கடை வளைந்தது. பார்த்தவர்கள் பின்னால் தங்கள் பிள்ளைகளுக்குச் சொன்னார்கள்.

அரசர் சிம்மாசனத்தின் கைப்பிடியைத் தட்டித் தட்டிச் சிரித்தார். சிரித்து முடித்து இறங்கி வந்து, நவநிதியாரின் கையிலிருந்த பதக்கத்தை எடுத்து, முப்பாட்டனார் செய்ததுபோலவே தம் கையால் விகடரின் கழுத்தில் போட்டார். "இன்னும் என்ன வேண்டும், கேளும்."

"இரண்டு வேண்டும், அரசே. கருவூலத் தலைவர் கல்லில் கண்டு சொன்னது மூன்று. ஆகவே மூன்று மாதம் போதும், ஆறு வேண்டாம். இன்னொன்று, அந்த விசிறிக்காரரை இரண்டு முழம் தள்ளி நிற்கச் சொல்ல வேண்டும். நாலாம் ஆசனத்துக்கும் காற்று வரட்டும்."

இரண்டும் அப்படியே நடந்தன. மூன்றாவதாக அரசர் தம் விருப்பத்தில் ஒரு பட்டுச் சால்வையும் கொண்டுவரச் சொன்னார். கருவூலத்திலிருந்து அதை எடுத்து வந்தவர் நவநிதியாரேதான். கொடுக்கும்போது சால்வையின் ஓரத்தில் அவர் கண் போயிற்று. வாய் தானாகப் பிளந்தது. உடனே கையால் பொத்திக்கொண்டார். கண்ணில் நீர் முட்டியது.

விகடர் சால்வையை வாங்கினார். திருப்பினார். வெயிலுக்கு நேரே பிடித்தார்.

"ஓரத்தில் ஒரு நூல் பிரிந்திருக்கிறது," என்றார், எல்லோர் காதிலும் விழும்படி. "பெற்றுக்கொண்டேன்."

அரசர் மறுபடியும் சிரிக்கத் தொடங்க, நவநிதியார் நிம்மதியாக ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு, நாலாம் ஆசனத்தில் போய்க் காற்று வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார்.